சத்தம் இல்லாத நிமிடங்களை எண்ணுவது எப்படி?

1987-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் இயற்கையான அமைதி குலைந்துவிட்டது, அதைக் கணிசமான அளவுக்கு மீட்டுத் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது.

பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் எண்ணிக் கொடுக்கலாம். நிலத்தை என்றால் அளந்து கொடுக்கலாம். அமைதியை எப்படிக் கொடுப்பது? கொடுத்தாகிவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? தேசியப் பூங்காத் துறை இதற்கு ஒரு விடை கண்டுபிடித்து நாடாளுமன்றத்திடம் சொல்லவே ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த விடைக்கு நாமும் போகலாம். அதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கிராண்ட் கேன்யன் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளம். நீளம் சுமார் 446 கிலோமீட்டர். ஆழம் பல இடங்களில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்குப் பறவை பறந்து போனால் சுமார் 16 கிலோமீட்டர். இந்த 16 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர் இதைப் பார்க்க வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் கோவேறு கழுதையிலோ கால்நடையாகவோ கீழே இறங்குவார்கள். சிலர் ரப்பர் படகில் ஆற்றோடு போவார்கள். இன்னும் சிலர் ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ ஏறி மேலிருந்து பார்ப்பார்கள். சிக்கல் இந்தக் கடைசி ரகத்தில்தான் ஆரம்பித்தது.

முதலில் அது சத்தப் பிரச்சினையாக இல்லை, உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1956 ஜூன் 30 அன்று இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் கிராண்ட் கேன்யனுக்கு மேலே மோதிக்கொண்டன. 128 பேர் இறந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. அமெரிக்க வான்வழியை ஒரே கையில் கட்டுப்படுத்தும் அமைப்பு 1958-இல் உருவானதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். முப்பது ஆண்டு கழித்து, 1986 ஜூனில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு சிறு விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் அதே பள்ளத்தாக்கின் மேல் மோதின. 25 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் நான் சொன்ன சட்டம். விமானங்கள் விளிம்புக்குக் கீழே இறங்கிப் பள்ளத்துக்குள் பறப்பதற்கும் அதோடு பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

இப்போது கணக்கு.

சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். இந்த அலகு கொஞ்சம் குறும்பு பிடித்தது. 20 டெசிபலோடு 10 சேர்த்தால் 30. ஆனால் காதுக்கு வரும் ஒலி ஆற்றல் பத்து மடங்காகிவிடும். இன்னொரு 10 சேர்த்தால் நூறு மடங்கு. இன்னொரு 10 என்றால் ஆயிரம் மடங்கு.

கிராண்ட் கேன்யனில் காற்றும் ஆறும் இல்லாத மூலைகளில் சத்தம் 20 டெசிபலுக்கும் கீழே இருக்கும். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் 75-ஐ எளிதாகத் தாண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிற ஒரு ஹெலிகாப்டரின் சத்தம் உங்கள் காதுக்கு 50 டெசிபலாக வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்தில் அது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. ஆனால் பள்ளத்தாக்கின் அந்த மூலையில் அதே 50, சுற்றியிருக்கும் ஒலியைவிட ஆயிரம் மடங்கு ஆற்றலோடு வந்து இறங்குகிறது. இயந்திரமும் அதே, தூரமும் அதே. மாறியது இடம் மட்டும்தான்.

சரி, ஹெலிகாப்டர் விலகிப் போகட்டும். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு கிலோமீட்டரில் 50 என்றால் நான்கில் 44, எட்டில் 38, பதினாறில் 32. பார்த்தீர்களா? விளிம்பிலிருந்து விளிம்பு வரை, அந்தப் பதினாறு கிலோமீட்டரும் கடந்த பிறகுகூட, சுற்றுப்புறத்தின் 20-ஐவிட 12 அதிகம். வழியில் காற்றும் கொஞ்சம் விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்று அதிகம் விழுங்குவது கீச்சுக் குரலை. கனத்த குரலை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஹெலிகாப்டரின் குரலோ கனத்த குரல்.

ஏன் அப்படி என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றும் பெரிய இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 390 முறை சுற்றுகின்றன. இரண்டு இறக்கை கொண்டது என்றால் நொடிக்குப் பதின்மூன்று அடி. இறக்கையின் நுனி நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. வெட்டும்போது நுனியில் ஒரு சுழல் உண்டாகும். பின்னால் வரும் இறக்கை அந்தச் சுழலில் போய் மோதினால் 'டப் டப் டப்' என்று அறையும். ஹெலிகாப்டர் இறங்கும்போது இந்த அறை அதிகமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். இறங்கும்போது தான் உண்டாக்கிய சுழல்களுக்குள்ளேயே அது மாட்டிக்கொள்கிறது. விவரம் தெரிந்த விமானி இறங்கும் வேகத்தையும் சாய்வையும் கொஞ்சம் மாற்றி இந்த அறையைப் பெருமளவு தவிர்த்துவிடுவார். புதுக் கருவி எதுவும் வேண்டாம், பைசா செலவில்லை.

வாலில் இன்னொரு சின்ன விசிறி இருக்கிறது. அதிலிருந்து வருவது 'ஙீ...' என்ற கூர்மையான ஓசை. இதை அடக்க ஓர் அழகான தந்திரம் உண்டு. விசிறியைத் திறந்த வெளியில் விடாமல் ஒரு வளையத்துக்குள் வைத்து, அதன் பத்து இறக்கைகளையும் சம இடைவெளி விடாமல், ஒன்றை நெருக்கியும் ஒன்றைத் தள்ளியும் பொருத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூட விழாவில் எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டினால் கட்டடமே அதிரும்; அவரவர் இஷ்டத்துக்குத் தட்டினால் வெறும் சலசலப்புதான் வரும், இல்லையா? அதே கதைதான். ஒரே சுருதியில் திரண்டு வந்த ஓசை பல சுருதிகளாகச் சிதறிவிடுகிறது. இப்படி வால் அமைந்த ஹெலிகாப்டர்கள் கிராண்ட் கேன்யன் சுற்றுலாவில் நிறையவே பறக்கின்றன. சிறு விமானங்களில் விசிறி இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, மெதுவாகச் சுழலவிட்டுச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மனிதர்களுக்கு எரிச்சல், அவ்வளவுதானே?

அங்கே பெருங்கொம்புக் காட்டாடுகள் இருக்கின்றன. செங்குத்தான பாறையில் சாதாரணமாக ஏறி இறங்கும் ஆடுகள். 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெலிகாப்டர்கள் பறக்கும்போது இந்த ஆடுகள் எவ்வளவு நேரம் மேய்கின்றன, எவ்வளவு நேரம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். குளிர்காலத்தில் மேய்ச்சலின் பலன் 43 சதவீதம் குறைந்திருந்தது. புல் குறைவாகக் கிடைக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. வசந்த காலத்தில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. அப்போது ஆடுகள் பள்ளத்தின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுகின்றன, ஹெலிகாப்டருக்கும் அவற்றுக்கும் இடைவெளி கூடிவிடுகிறது. சுமார் 250 முதல் 450 மீட்டருக்குள் ஹெலிகாப்டர் வந்தால்தான் ஆடுகள் கலவரப்படுகின்றன என்றும் அந்த ஆய்வு சொன்னது. இதிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது: எந்தக் காலத்தில் ஆடு எங்கே நிற்கும் என்று தெரிந்தால், விமானத்தை வேறு பக்கம் திருப்பிவிடலாம்.

ஓடாமல் நிற்கிற விலங்குக்கு நஷ்டமில்லை என்றும் சொல்ல முடியாது. ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சருகில் எலி நகரும் ஓசையைக் கேட்டே அது இரையைப் பிடிக்கும். பின்னணிச் சத்தம் 6 டெசிபல் கூடினால் அந்தச் சரசரப்பு கேட்கும் தூரம் பாதியாகும். தூரம் பாதியானால் பரப்பு கால் பங்காகும் (வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்). 10 டெசிபல் கூடினாலோ, முன்பு பத்து ஏக்கரை உட்கார்ந்த இடத்திலிருந்தே காதால் காவல் காத்த ஆந்தைக்கு ஒரு ஏக்கர்தான் மிஞ்சும். ஒரு திருத்தம்: ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்கும் சத்தம்தான் இன்னொன்றை நன்றாக மறைக்கும். தூரத்து ஹெலிகாப்டரின் கனத்த குரல் சருகின் மெல்லிய சரசரப்பை முழுதாக மறைக்காது. பக்கத்தில் வந்தால்தான் எல்லாச் சுருதியும் சேர்ந்து வரும்.

இப்போது அந்த ஏழாண்டு விடைக்கு வருவோம்.

சத்தத்தை இத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கலாம். அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பயன் இருக்காது. ஏன் தெரியுமா? பறக்கும் விமானங்களில் சரிபாதியை நிறுத்திவிட்டால் சராசரிச் சத்தம் வெறும் 3 டெசிபல்தான் இறங்கும். காகிதத்தில் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் பாறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் கேட்கும் நேரம் பாதியாகியிருக்கும்! அதை அவர் கட்டாயம் உணர்வார். ஆகவே பூங்காத் துறை சத்தத்தை விட்டுவிட்டு நேரத்தை எண்ணியது. பூங்காவின் பாதிப் பரப்பிலாவது, ஒரு நாளில் நான்கில் மூன்று பங்கு நேரமோ அதற்கு மேலோ, விமானச் சத்தம் அறவே கேட்கக் கூடாது. அப்படியானால் அமைதி கணிசமாக மீண்டுவிட்டது என்று பொருள். பகல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 9 மணி நேரம்.

எனக்கு இந்த விடை பிடித்திருக்கிறது. குழந்தைகூடச் சோதித்துப் பார்க்கக்கூடிய விதி. ஆனால் 'பாதிப் பரப்பு' என்பதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. மற்ற பாதியில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

கேட்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? சத்தமானிகள் இதில் தோற்றுவிடுகின்றன. 30 டெசிபல் என்று கருவி காட்டும், அது காற்றா விமானமா என்று சொல்லாது. தவிர, சாதாரணக் கருவிகளுக்குள்ளேயே ஒரு மின்னணு இரைச்சல் இருப்பதால், மிக அமைதியான இடத்தில் அவை தங்கள் இரைச்சலையே அளந்துகொண்டிருக்கும். அதனால் ஆட்களை உட்கார வைத்தார்கள். வேலை இதுதான்: ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வோர் ஓசைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஹெலிகாப்டர் கேட்க ஆரம்பித்ததும் ஒரு பொத்தான், நின்றதும் மறுபடி. ஜெட் விமானத்துக்கு வேறு பொத்தான். பறவை, பூச்சி, காற்று, மனிதப் பேச்சு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சு போர்த்திய ஒலிவாங்கிகளை வாரக்கணக்கில் விட்டுவைத்தும் பதிவு செய்கிறார்கள். 24 மணி நேரப் பதிவைக் கணினி ஒரு படமாக விரித்துக் காட்டும். பழகிய கண்ணுக்கு அதில் விமானம் ஒரு வளைந்த கோடாகத் தெரியும். நெருங்கும்போது சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதால் வருகிற வளைவு அது. அமெரிக்கப் பூங்காத் துறையில் ஓசைகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு பிரிவு 2000-இல் தொடங்கப்பட்டு, கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்து இயங்குகிறது.

இப்படி உட்கார்ந்து கேட்டால் ஒரு வேடிக்கையும் தெளிவாகும். ஆற்றில் வெள்ளம் பாறையில் மோதிக் கொந்தளிக்கும் இடத்துக்கு அருகே விமானம் கேட்பதே இல்லை. நூறு மீட்டர் தள்ளி ஒரு பாறை மறைவுக்குப் போனால் அதே விமானம் தெளிவாகக் கேட்கும்.

மேலாண்மை எப்படி நடக்கிறது? 1988-இலேயே பள்ளத்தாக்கின் மேல் சுற்றுலா விமானங்கள் போகக் கூடாத பகுதிகளை வரைந்து, அவற்றுக்கு நடுவே போக வர வழித்தடங்களை ஒதுக்கினார்கள். 'டிராகன்', 'சூனி பாயிண்ட்' என்று அந்தத் தடங்களுக்குப் பெயர்கூட உண்டு. பிறகு நேரக் கட்டுப்பாடும் வந்தது. இந்த இரண்டு தடங்களிலும் கோடையில் மாலை 6 முதல் காலை 8 வரை, குளிர்காலத்தில் மாலை 5 முதல் காலை 9 வரை சுற்றுலா விமானம் பறக்கக் கூடாது. 2000-இல் ஆண்டுக்குச் சுமார் 94,000 சுற்றுப் பயணங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

வழித்தடம் போடுவதில்தான் உண்மையான தலைவலி. விமானங்களை எல்லாம் ஒரே தடத்தில் அனுப்பினால் மற்ற இடங்கள் அமைதியாகும், தடத்துக்குக் கீழே நடப்பவர் கதி அதோகதி. பரவலாக அனுப்பினால் ஒருவருக்கும் பெரிய தொல்லை இல்லை, ஆனால் தொல்லை இல்லாதவர் ஒருவரும் இல்லை. உயரமாகப் பறக்கச் சொன்னால் சத்தம் மெலியும், ஆனால் இன்னும் அகன்ற பரப்பில் விழும். நேரத்தையும் இப்படிக் கூட்டிக் கழிக்கலாம். ஒரு மணி நேரத்தில் பத்து விமானங்கள், ஒவ்வொன்றும் 4 நிமிடம் கேட்கிறது என்று வையுங்கள். சீரான இடைவெளியில் விட்டால் 40 நிமிடம் சத்தம். மீதி 20 நிமிட அமைதியும் இரண்டு இரண்டு நிமிடத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். இரண்டு இரண்டாகச் சேர்த்து விட்டால் ஒவ்வொரு ஜோடியும் 5 நிமிடம். மொத்தம் 25 நிமிடம் சத்தம், 35 நிமிடம் அமைதி. ஒரு விமானத்தைக்கூட நிறுத்தவில்லை. ஜோடியாகப் போகும்போது சத்தம் 3 டெசிபல் கூடும், அது காதுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

இதையெல்லாம் செய்துவிட்டால் முடிந்ததா? இல்லை. மிக உயரத்தில் போகும் பெரிய ஜெட் விமானங்கள் இருக்கின்றனவே! அவற்றின் உறுமல் மட்டுமே அந்தக் கால் பங்கு நேரத்தை எளிதில் தின்றுவிடும். 2008-இல் பூங்காத் துறை, கடல் மட்டத்திலிருந்து 18,000 அடிக்குக் கீழே பறப்பவற்றை மட்டும்தான் கணக்கில் எடுப்போம் என்று விளக்கம் தந்தது. ஆடு அப்படிப் பிரித்துப் பார்க்குமா என்று நீங்கள் கேட்டால், எனக்கும் அதே கேள்விதான்.

பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் ஹுவாலப்பை என்ற பழங்குடி மக்களின் நிலம் இருக்கிறது. அவர்களுக்குச் சுற்றுலாதான் பெரிய வருமானம். ஹெலிகாப்டர் பயணங்கள் அதில் முக்கியமானவை. அவர்களுடைய நிலத்துக்கு வரும் பயணங்களுக்கு 2000-ஆம் ஆண்டு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதனால் அந்த மூலையில் ஹெலிகாப்டர்கள் வரிசை கட்டி இறங்கி ஏறுகின்றன. அங்கே படகில் வருபவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தங்கள் மண்ணில் பிழைக்கும் வழியை விட்டுவிடு என்று அந்த மக்களிடம் போய்ச் சொல்ல, விடுமுறைக்கு வந்தவருக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சற்றுக் கிழக்கே ஹவாசுப்பை மக்கள் வாழும் சுப்பாய் கிராமத்துக்குச் சாலையே கிடையாது. தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் இறங்குகிறது. அவசரத்துக்கு அங்கேயும் ஹெலிகாப்டர்தான். எல்லாச் சத்தமும் வேண்டாத சத்தம் இல்லை.

விமான நிறுவனங்களும் ஒரு நியாயம் சொல்கின்றன. நடக்க முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பள்ளத்தாக்கை வேறு எப்படிப் பார்ப்பார்கள், நாங்கள் ஒரு காலடித் தடம்கூட விட்டுப் போவதில்லையே என்கிறார்கள். உண்மைதான். ஆறேழு பேர் பார்ப்பதை எத்தனை பேர் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். 2011-இல் பூங்காத் துறை இன்னும் கடுமையான திட்டம் ஒன்றின் வரைவை வெளியிட்டது. 2012-இல் நாடாளுமன்றம் குறுக்கே வந்து, அதை நிறுத்திவிட்டு, சுற்றுலா விமானங்கள் 15 ஆண்டுகளுக்குள் சத்தம் குறைந்த வகைக்கு மாறிவிட வேண்டும் என்று வேறு வழி காட்டியது.

மற்ற பூங்காக்களின் கதை இன்னும் மெதுவானது. 2000-இல் வந்த இன்னொரு சட்டம், சுற்றுலா விமானங்கள் பறக்கும் பூங்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம் போடச் சொன்னது. இருபது ஆண்டுகளில் ஒரு திட்டம்கூட முடியவில்லை. 2020-இல் நீதிமன்றம் அதட்டிய பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. இந்தப் பூங்காக்களில் ஹவாயின் ஹலேயாகலா எரிமலைப் பூங்காவும் உண்டு. அதன் எரிமலைப் பள்ளத்துக்குள் சத்தம் சில சமயம் 10 டெசிபலை ஒட்டி இருக்கும், உங்கள் மூச்சே உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும் அளவு அது. ட்ரோன்களை மட்டும் இழுத்தடிக்கவில்லை. 2014-இலேயே அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தடை செய்துவிட்டார்கள்.

இனி உங்கள் முறை. உங்கள் வீட்டு மொட்டை மாடியிலோ ஊர்க் கண்மாய்க் கரையிலோ அரை மணி நேரம் உட்காருங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன ஓசை, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது. கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி வேண்டாம், கடிகாரம் போதும். இயந்திரம் எதுவும் கேட்காத நிமிடங்களை மட்டும் கூட்டி, முப்பதால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். அதைவிட முக்கியமாக, ஒரே மூச்சில் கிடைத்த நீளமான அமைதி எத்தனை நிமிடம் என்று தனியாகக் குறியுங்கள். விடியற்காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓசை ஒன்றாகக் கேட்டால் இரண்டு வரி எழுத வேண்டும். பக்கத்து வீட்டு மிக்ஸியும் கணக்கில் உண்டு.